வண்டிப்பந்தயக் குதிரையின் ஓய்வும் மறுவாழ்வும்

இரு சக்கர இலகு வண்டியில் பூட்டப்பட்டுப் பந்தயம் ஓடிய குதிரையைத் தடத்திலிருந்து விலக்கி, வேறு வேலைக்குப் பழக்கி, புதிய உரிமையாளரிடம் ஒப்படைக்கும் நடைமுறை. இக்கட்டுரை வட அமெரிக்காவைப் பற்றியது. அங்கே இப்பந்தயத்தில் ஓடுவது ஸ்டாண்டர்டுபிரெட் என்னும் இனம். ஒரு மைலைக் குறித்த நேரத்துக்குள் கடக்க வேண்டும் என்று 1879இல் வகுக்கப்பட்ட அளவுகோலே இனத்தின் பெயராயிற்று. அன்றைய அளவு 2 நிமிடம் 30 விநாடி. இன்று சாதாரணக் குதிரையே 2 நிமிடத்துக்குள் ஓடிவிடும். இன்றுள்ள குதிரைகளில் ஏறத்தாழ எல்லாமே 1849இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ஹாம்பிள்டோனியன் என்ற பொலிகுதிரையின் வழிவந்தவை.

ரேக்ளா பார்த்த கண்ணுக்கு வண்டி புதிதாகத் தெரியாது. குதிரையின் கால்தான் புதிதாகத் தெரியும். இப்பந்தயத்தில் நாலுகால் பாய்ச்சல் கூடாது. குறுக்குக் கால்கள் ஒருசேர எழும் ‘ட்ராட்’, ஒரே பக்கத்து முன்பின் கால்கள் ஒருசேர எழும் ‘பேஸ்’ ஆகிய இரண்டில் ஒன்றிலேயே கடைசிவரை ஓட வேண்டும். நடை பிசகிப் பாய்ந்துவிட்டால் ஓட்டுநர் குதிரையை இழுத்துப் பிடித்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றவை முந்திவிடும். ஓய்வுபெற்ற குதிரையிடம் காணும் நல்லதும் தொல்லையும் பெரும்பாலும் இந்த ஒரு விதியிலிருந்தே கிளைக்கின்றன.

ஓய்வுக்கான காரணங்கள்

அமெரிக்க விதிப்படி 15 வயதான குதிரை பந்தயத்தில் ஓட முடியாது. பிறந்த மாதம் எதுவானாலும் ஜனவரி 1 அன்று வயது கூடிவிடுவதால், 14ஆம் வயதின் டிசம்பர் 31தான் கடைசி நாள். 76 லட்சம் டாலருக்கு மேல் பரிசு வென்ற ஃபாயில்டு அகெய்ன் 2018இன் இறுதியில் இந்த விதியால்தான் நின்றது. ஆனால் 14 வயதுவரை ஓடுபவை சிலவே. முன்னங்கால் தசைநார்க் கிழிசல், மூட்டுத் தேய்வு ஆகியவற்றால் பல குதிரைகள் முன்பே நின்றுவிடுகின்றன. இன்னும் பலவற்றுக்கு நோயே இருக்காது. வேகம் குறைந்து, பரிசுப்பணம் தீவனச் செலவுக்குக் கட்டாமல் போவதே காரணமாக இருக்கும்.

நல்ல வம்சத்துப் பெண் குதிரை குட்டி ஈனப் போகும். ஆண் குதிரைகளில் பொலிகுதிரை ஆவது மிகச் சிலவே. ஃபாயில்டு அகெய்ன் போலக் காயடிக்கப்பட்ட குதிரைக்கு, எத்தனை லட்சம் வென்றிருந்தாலும் அந்த வழி இல்லை. பென்சில்வேனியா, ஒஹாயோ பகுதிகளில் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் மக்கள் தங்கள் வண்டிக்கு இக்குதிரைகளை விரும்பி வாங்குகிறார்கள். பழகிய வேலைதான், ஆனால் தார்ச்சாலையில். அங்கிருந்தோ நேராகவோ ஏலச்சந்தைக்கு வருபவற்றை இறைச்சிக்காக வாங்குவோரும் உண்டு. அமெரிக்காவில் டெக்சஸிலும் இலினாயிலும் எஞ்சியிருந்த குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007இல் மூடப்பட்டன. அதற்குப் பிறகும் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் லாரியில் அனுப்புவது நிற்கவில்லை.

மறுபயிற்சி

முதலில் தீவனம். பந்தயக் காலத்தின் தானியத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்து, உலர்புல்லுக்கும் மேய்ச்சலுக்கும் மாற்றுவார்கள். பந்தய லாடம் கழற்றப்படும். லாயத்துத் தனியறையிலேயே நாள்களைக் கழித்த குதிரையை நேரே மந்தையில் விட்டால் உதை வாங்கும். அதனால் முதலில் சிறு வேலிக்குள், ஒரு சாதுவான துணையோடு விடுவதே வழக்கம்.

சேணம் ஏற்றுவது பலர் அஞ்சும் அளவுக்குக் கடினமில்லை. ஒரு வயது முடிந்ததிலிருந்தே வார், பட்டை, வண்டி, ஒலிபெருக்கி எல்லாம் பார்த்த குதிரை இது. குளிப்பாட்டும்போதும் லாடம் அடிக்கும்போதும் அசையாமல் நிற்கும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சவாரிக்காரர் காலால் அணைத்துச் சொல்லும் குறிப்பு அதற்கு ஒன்றும் புரியாது. இதுவரை அதன் விலாவைத் தொட்டவை வண்டியின் ஏர்க்கால்களே. கடிவாளத்தை இழுத்தால் நிற்கும் என்று நம்புபவரும் ஏமாறுவார். பந்தயத்தில் அது கடிவாளத்தில் சாய்ந்துகொண்டுதான் வேகம் எடுத்தது. இழுக்க இழுக்க இன்னும் விரையும். வாரைத் தளர்த்தி, குரலால் நிறுத்தப் பழக்குவதே முதல் பாடம்.

பாய்ச்சல் கற்பிப்பதுதான் நீண்ட வேலை. தவறு என்று ஆண்டுக்கணக்கில் தடுத்ததை இப்போது சரி என்று சொல்ல வேண்டும். இதில் பழக்கம் மட்டுமல்ல, பிறப்பும் குறுக்கே நிற்கிறது. 2012இல் சுவீடன் ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட ஆய்வு, டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவின் மாற்றமே குதிரைகளைப் பேஸ் போன்ற நடைகளுக்கு ஏதுவாக்குகிறது என்றும், வேகம் கூடும்போதும் பாய்ச்சலுக்கு மாறாமல் தடுக்கிறது என்றும் காட்டியது. ஸ்டாண்டர்டுபிரெட் குதிரைகளில் இந்த மாற்றம் ஏறத்தாழ எல்லாவற்றிலும் உண்டு. பொறுமையான பயிற்சியில் பல குதிரைகள் பாய்ச்சலைக் கற்றுக்கொள்கின்றன. சில கடைசிவரை கற்பதில்லை. காட்டுப்பாதையில் நிதானமாகச் சவாரி போக விரும்புவோருக்கு அது ஒரு குறையே இல்லை.

சேணத்துக்கு இவை ஆகா என்ற பழைய எண்ணத்துக்கு 2000ஆம் ஆண்டே பதில் கிடைத்தது. ஓய்வுபெறவிருந்த மோனி மேக்கர் என்ற பெண் குதிரை, ஜூலி குரோன் முதுகில் அமர்ந்து ஓட்ட, கென்டக்கியின் லெக்சிங்டனில் சேண ட்ராட்டில் உலக சாதனை படைத்தது.

அடையாளமும் ஒப்பந்தமும்

ஏலத்தில் நிற்கும் குதிரை எந்தப் பந்தயத்தில் ஓடியது என்று அறிய, கழுத்தின் வலப்பக்கத்துப் பிடரி மயிரை ஒதுக்கிப் பார்த்தால் போதும். கடுங்குளிர் முத்திரையால் நிறமிழந்து வெள்ளையாக வளர்ந்த முடியில் எழுத்தும் எண்ணும் வரிசையாகத் தெரியும். அதற்கு முந்தைய தலைமுறைக்கு மேலுதட்டின் உட்புறம் பச்சை குத்தினார்கள். இப்போது தோலுக்கடியில் மைக்ரோசிப் வைக்கிறார்கள். எண்ணைக் கொண்டு அமெரிக்க ட்ராட்டிங் சங்கப் பதிவேட்டில் பெயர், பெற்றோர், பந்தய வரலாறு அனைத்தையும் எடுத்துவிடலாம். பின்னாளில் அது அல்லலுறும்போது உதவ முன்வரும் பழைய உரிமையாளர்களின் தொடர்பையும் சங்கம் பதிந்து வைக்கிறது.

நியூஜெர்சியின் ஸ்டாண்டர்டுபிரெட் ரிடையர்மென்ட் ஃபவுண்டேஷன் 1989இலும், ஒஹாயோவின் நியூ வொகேஷன்ஸ் 1992இலும் தொடங்கின. இத்தகைய அமைப்புகள் குதிரையைச் சோதித்து, பழக்கி, கட்டணம் பெற்றுத் தத்துக் கொடுக்கின்றன. மீண்டும் பந்தயத்தில் விடக்கூடாது, குட்டி எடுக்கக்கூடாது, சொல்லாமல் கைமாற்றக்கூடாது என்பவை வழக்கமான நிபந்தனைகள். வளர்க்க முடியாமல் போனால் அமைப்பிடமே திருப்பித் தரும் வாசல் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதைப் பார்த்தே ஓர் ஒப்பந்தத்தை மதிப்பிட வேண்டும். சவாரிக்கு ஆகாத அளவுக்குக் கால் கெட்டவற்றை, மற்றொரு குதிரைக்குத் துணையாக வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எண்ணிக்கை எப்போதும் குறைவு.

குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வாழக்கூடியது. 1930களின் பெரும் ட்ராட் வீரனான கிரேஹவுண்ட் 1940இல் ஓய்வுபெற்றது. இலினாயில் 1965இல் இறந்தபோது அதற்கு 32 வயது.