காயிலுக்குள் இருக்கும் கணக்கு

கடமலைக்குண்டு வட்டாரத்தில் கிணற்று மோட்டார்தான் வேளாண்மையின் உயிர்நாடி. எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்ற இளைஞர், 415 வோல்ட்டில் இயங்கும் 5 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும் என்பதையும், அதற்கேற்ற கேபிளையும் கணக்கிடத் தெரியாவிட்டால் உதவியாளராகவே நின்றுவிடுகிறார். மோட்டாரும் மீண்டும் எரிகிறது.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் 1978 முதலே தொழிற்பிரிவு உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் பணிமனைக் கணக்கீடும் அறிவியலும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. ஆயினும் கணக்கு கரும்பலகையிலும் வேலை பணிமனையிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. பயிற்றுநர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி அளிக்கும் கிண்டி தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் போன்றவை, வேலையைக் கற்பிக்கும்போதே அதிலுள்ள கணக்கையும், செலவு மதிப்பீடு எழுதும் மொழித்திறனையும் சேர்த்துக் கற்பிக்க அவர்களைப் பழக்க வேண்டும். கூலிக்கும் சொந்தத் தொழிலுக்கும் இடையிலான தொலைவைப் பல வேளைகளில் இந்தக் கணக்கே தீர்மானிக்கிறது என்பது, பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என் துணிபு.