குற்றப் பகுப்பாய்வாளர் பயிற்சி மாநாடு

குற்றப் பகுப்பாய்வாளர் பயிற்சி மாநாடு என்பது, காவல் துறையில் குற்றத் தகவல்களை ஆராயும் பணியில் உள்ளோர் ஓரிடத்தில் கூடி, தம் தொழிலின் முறைகளைக் கற்றும் கற்பித்தும் செல்லும் கூட்டமாகும். இவற்றுள் பெயர்பெற்றது, 1990-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் குற்றப் பகுப்பாய்வாளர் சங்கம் நடத்தும் ஆண்டு மாநாடு. பகுப்பாய்வாளர்களில் பெரும்பாலோர் சீருடை அணியாத பணியாளர்கள். திருடனைத் துரத்திப் பிடிப்பது அவர்கள் வேலை அன்று. எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எந்த விதமாகக் குற்றம் நிகழ்கிறது என்று பதிவேடுகளிலிருந்து கண்டறிந்து சொல்வதே அவர்கள் பணி.

தோற்றம்

குற்றத்தை எண்ணிப் பார்க்கும் பழக்கம் பிரான்சு நாட்டில் வேரூன்றியது. அந்நாட்டு நீதித் துறை 1825-ஆம் ஆண்டு முதலான குற்ற வழக்குகளின் கணக்கைத் தொகுத்து வெளியிட்டது. அதைக் கொண்டு ஆந்திரே மிஷேல் கெரி என்ற வழக்கறிஞரும் அத்ரியானோ பால்பி என்ற புவியியலாளரும் 1829-இல் மூன்று வரைபடங்களை ஒரே தாளில் வெளியிட்டனர். ஒன்று உடைமைக்கு எதிரான குற்றம், மற்றொன்று ஆளுக்கு எதிரான குற்றம், மூன்றாவது கல்வி நிலை. கல்லாமையே குற்றத்துக்குக் காரணம் என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். வரைபடமோ, படித்தவர் மிகுந்த வடகிழக்குப் பகுதியில் உடைமைக் குற்றங்களும் மிகுந்திருப்பதைக் காட்டியது. நம்பிக்கை ஒன்று, கணக்கு வேறொன்று என்ற இந்தப் பாடம் இத்துறையில் பின்னரும் பலமுறை திரும்பி வந்தது.

காவல் நிலையத்துக்குள் இம்முறையைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அகஸ்ட் வோல்மர் (1876–1955). அதிகம் பள்ளிப் படிப்பு இல்லாத இவர் 1905-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் காவல் பொறுப்பேற்றார். சுவரில் நகர வரைபடத்தை மாட்டி, குற்றம் நடந்த இடங்களில் குண்டூசி குத்தினார். ஊசிகள் நெருங்கிய இடங்களைப் பார்த்து ரோந்து எல்லைகளை வகுத்தார். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதிக் காவல் தலைவர் அட்சர்லி, குற்றவாளி கையாளும் பாணியை வகைப்படுத்தும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். பூட்டை உடைப்பவன் அடுத்த முறையும் பூட்டைத்தான் உடைப்பான் என்பது அதன் அடிப்படை. அதை வோல்மர் திருத்தி அமைத்தார். 1908-இல் தம் காவலர்களுக்கென்றே பயிற்சிப் பள்ளி தொடங்கினார். காவலர் படித்தவராக இருக்க வேண்டும் என்பது அன்று வேடிக்கையான கருத்து.

வோல்மரின் மாணவரான ஓ. டபிள்யூ. வில்சன் பின்னாளில் சிகாகோ நகரக் காவல் துறையின் தலைவரானார். காவல் நிர்வாகம் பற்றிய அவருடைய நூலின் 1963-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ‘குற்றப் பகுப்பாய்வு’ என்ற தொடர் ஒரு தனிப் பணியின் பெயராக இடம்பெற்றது.

ஐயமும் ஆய்வும்

வில்சன் உறுதியாக நம்பிய ஒன்று, வண்டியில் சுற்றிவரும் ரோந்து குற்றத்தைத் தடுக்கும் என்பது. கான்சஸ் சிட்டி காவல் துறை 1972 அக்டோபர் முதல் ஓராண்டு அதைச் சோதித்தது. 15 ரோந்து எல்லைகள் மூன்று பிரிவாக்கப்பட்டன. ஐந்தில் வழக்கமான ரோந்து நிறுத்தப்பட்டு, அழைப்பு வந்தால் மட்டும் வண்டி சென்றது. ஐந்தில் ரோந்து இரண்டு, மூன்று மடங்கானது. மற்ற ஐந்தில் மாற்றமில்லை. குற்ற எண்ணிக்கையிலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ரோந்தே வீண் என்று சிலர் இதற்குப் பொருள் கொண்டனர். அது அவசர முடிவு. பரவலாகச் சுற்றுவது பயன் தரவில்லை என்பதே ஆய்வு காட்டியது.

எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு மினியாபொலிஸ் நகர ஆய்வு விடை தந்தது. லாரன்ஸ் ஷெர்மனும் உடன் ஆய்ந்தோரும் 1989-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நகர முகவரிகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டிலிருந்தே காவல் துறைக்கு வரும் அழைப்புகளில் பாதி வந்தன. அந்த 3 விழுக்காட்டைக் கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும். பகுப்பாய்வாளரின் தேவை இங்கே உறுதியானது.

நியூயார்க்கில் சுரங்க ரயில் காவல் அதிகாரி ஜாக் மேப்பிள், 55 அடி நீளச் சுவரில் நிலையங்களை எல்லாம் வரைந்து, வழிப்பறிகளை வண்ணக் கோலால் குறித்துவந்தார். 1994-இல் வில்லியம் பிராட்டன் அந்நகரக் காவல் ஆணையரானபோது மேப்பிள் அவருடைய துணை ஆணையர். இருவரும் தொடங்கியதே ‘காம்ஸ்டாட்’ கூட்டம். வரைபடத்தைத் திரையில் காட்டி, வட்டாரத் தலைவரை எழுப்பி, “இங்கே ஏன் கூடியது? என்ன செய்தீர்?” என்று கேட்பார்கள். நகரில் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அம்முறை இல்லாத நகரங்களிலும் அதே ஆண்டுகளில் குறைந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேள்விக்கு அஞ்சிப் பெரிய குற்றத்தைச் சிறியதாகப் பதிந்தார்கள் என்ற குற்றச்சாட்டும் பின்னர் எழுந்தது. எண் தவறானால் அதன்மேல் கட்டிய வரைபடமும் தவறு.

மாநாட்டில் கற்பிக்கப்படுவது

காம்ஸ்டாட் விசாரணைக் கூட்டம். பயிற்சி மாநாடு வகுப்பறை. சிறிய நகரக் காவல் துறை ஒன்றில் பகுப்பாய்வாளர் ஒருவரே இருப்பார். ஐயம் வந்தால் கேட்கப் பக்கத்து மேசையில் ஆள் இல்லை. சங்கமும் மாநாடும் தோன்றியதன் தேவை இதுவே. வரைபட மென்பொருள், புள்ளியியல், அறிக்கை எழுதுதல் என வகுப்புகள் நடைபெறுகின்றன. தொழில் தகுதிச் சான்றிதழும் சங்கம் வழங்குகிறது.

கற்கும் பாடம் எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. காலை 8 மணிக்கு வீட்டைப் பூட்டிச் சென்றவர் நண்பகல் 12 மணிக்குத் திரும்பி, திருட்டு நடந்ததைக் காண்கிறார். திருட்டு எப்போது நடந்தது? நடுநேரம் 10 என்று எழுதினால், இத்தகைய வழக்குகள் எல்லாம் 10 மணியில் குவிந்து, இல்லாத உச்சம் ஒன்று தோன்றும். மாறாக, நான்கு மணி நேரத்துக்கும் கால் பங்கு வீதம் பிரித்து, எல்லா வழக்குகளின் பங்குகளையும் கூட்டினால் உண்மைக்கு நெருக்கமான நேரம் வெளிப்படும். ஜெர்ரி ராட்கிளிஃபும் உடனாய்வாளரும் 1998-இல் விளக்கிய முறை இது. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் ரோந்து வண்டி தவறான நேரத்தில் நிற்கும்.

இடத்திலும் இதே ஆபத்து உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையின் பொது வரைபடத்தில் நகர மன்றத்துக்கு அருகே குற்றங்கள் குவிந்திருப்பதாக 2009-இல் தெரிந்தது. உண்மையில், கணினியால் இடம் கண்டறிய முடியாத முகவரிகளை எல்லாம் மென்பொருள் அந்த ஒரே புள்ளியில் இட்டிருந்தது.

சங்கம் 2014-இல் வெளியிட்ட வரையறை, பகுப்பாய்வை நான்காகப் பிரிக்கிறது: ஆட்களையும் குழுக்களையும் ஆராய்வது, அண்மைக் குற்றத் தொடர்களை ஆராய்வது, நெடுங்காலப் போக்கை ஆராய்வது, நிர்வாகத்துக்கான தொகுப்பு.

முன்கணிப்பு

அடுத்த குற்றம் எங்கே என்று கணினியே சொல்லும் மென்பொருள்கள் 2010-க்குப் பின் பரவின. காவலர் மிகுதியாகச் சென்ற இடத்தில் பதிவு மிகும். பதிவு மிகுந்த இடத்துக்கே கணினி மீண்டும் அவர்களை அனுப்பும். ஏழைகளும் கறுப்பினத்தவரும் வாழும் பகுதிகளே இந்தச் சுழலில் சிக்கும் என்ற எதிர்ப்பு வலுத்தது. கருவி குறித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த பகுப்பாய்வாளர் இல்லாத இடத்தில் இந்தச் சுழலைக் கவனிப்பாரும் இல்லை. இம்மென்பொருளை 2011-இலேயே சோதித்த கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நகரம், 2020 ஜூனில் அதைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் இத்தகைய தடை விதித்த முதல் நகரம் அதுவே.