சோழியும் கணனியும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், சம்பள தினமொன்றில், எம் தாயார் தமது சீட்டை எம்மிடம் நீட்டி, “ஒரு நாளைக்கு அரைப்பேருதான் போட்டிருக்கு, ஏன்னு பாரு தம்பி” என்றார். அன்றைய தினம் அவர் காலை முதல் மாலை வரை மலையில் நின்று கொழுந்தெடுத்தவர். காரியாலயத்திற்குச் சென்று லிகிதரை வினவினோம். “கணனியில் அப்படித்தான் விழுந்திருக்கிறது” என்றார். கணனி சொல்லிவிட்டால் அதற்கப்பால் பேச்சில்லை என்பது அவர் கருத்து. மாவனல்லைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து, இன்று பல்கலைக்கழகத்தில் அக்கணனியைப் பற்றியே கற்கும் எமக்கு அவ்விடை போதுமானதாகத் தோன்றவில்லை.

கணனி என்பது யாது? பெட்டியும் திரையுமே கணனி என்பது பலர் எண்ணம். அவை வெறுங் கருவிகள். ஒரு காரியத்தை ஐயத்திற்கு இடமின்றிச் சிறுசிறு படிகளாக வகுத்து, அதன் பொருளை அறியாதாரும் வழுவாது செய்து முடிக்கத்தக்க முறையாக ஆக்குதலே கணனி விஞ்ஞானத்தின் உயிர்நிலையாகும். இதற்குச் சான்று தேடி மேனாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி வரை சென்றாற் போதும்.

1825ஆம் ஆண்டில் ஜோன் வாரன் என்னும் இராணுவ அதிகாரி, தென்னாட்டுப் பஞ்சாங்க முறைகளை ஆராய்ந்து ‘காலசங்கலிதம்’ என்ற ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், அவ்வாண்டு மே 31, யூன் 1 ஆகிய தினங்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். அவர் கையில் ஏடுமில்லை, எழுதுகோலுமில்லை. தரையிலே சோழிகளை வைத்தும் எடுத்துமே கணக்கை முடித்தார். வேண்டிய எண்கள் யாவும் சொற்களாக அவர் மனத்திற் பதிந்திருந்தன.

எழுத்துக்கு ஓர் எண்ணாக அமைத்து, எண்களைச் சிறு வாக்கியங்களாக்கி மனனம் செய்வது அக்கணிதர் மரபு. சந்திரனுக்கு மாத்திரம் 248 நாட்களுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. ‘வாக்கிய பஞ்சாங்கம்’ என நம் இல்லங்களில் வழங்கும் பெயரின் காரணமும் இதுவே. மனனம் செய்த வாக்கியங்கள் நினைவகம். தரையிற் பரப்பிய சோழிகள் கணிக்கும் உறுப்பு. குருவிடங் கேட்ட முறை செய்நிரல். கணனிக்கு வேண்டிய யாவும் அங்கே அமைந்திருந்தன அன்றோ? அவர் வானசாத்திரத்தின் தத்துவத்தை அறியாதவர் என்று வாரன் எழுதினார். அறியாமலே கணித்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் சார்ள்ஸ் பாபேஜ் என்பார் மற்றொரு வழியிற் சென்று கொண்டிருந்தார். வானியல் அட்டவணைகளில் மலிந்த பிழைகளைக் கண்டு மனம் நொந்த அவர், 1822இல் கணிக்கும் யந்திரத்தின் சிறு மாதிரியொன்றைச் செய்து காட்டினார். பிரான்சில் டி புரோனி என்பார், கூட்டலும் கழித்தலும் மாத்திரம் அறிந்த பலரைக் கொண்டு பெரிய அட்டவணைகளை ஆக்குவித்ததை அவர் அறிவார். 1834 முதல் அவர் வகுத்த பெரிய யந்திரம் முற்றுப்பெறவில்லை. எனினும் அதுபற்றி 1843இல் எழுதிய ஏடா லவ்லேஸ் அம்மையார், யந்திரம் தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் பணிக்க அறிந்ததையே செய்யும் என்று தெளிவுபடுத்தினார்.

‘கொம்பியூட்டர்’ என்ற சொல்லே அந்நாளில் கணக்கிடும் மனிதரைக் குறித்தது. 1936இல் அலன் டியூரிங், காகிதமும் பென்சிலும் கொண்டு விதிப்படி கணக்கிடும் மனிதர் ஒருவரை மனத்திற் கொண்டே தமது யந்திரத்தைக் கற்பித்தார். 1946இல் அமெரிக்காவில் ‘எனியாக்’ என்னும் மின்னணுக் கணனி வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. 1960இல் பம்பாயிலே, சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் இந்தியர் தாமே ஆக்கிய ‘டிப்ராக்’ கணனி முழுமையாக இயங்கத் தொடங்கிற்று.

இனி, புதுச்சேரிக் கணிதரின் விடை சரியாயிற்றா என்று பார்ப்போம். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. சோழிகள் மீது குற்றமில்லை, விதி பழையது. விதியை அறிந்தவரே அதைத் திருத்த முடியும். கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த மாதவர், சந்திர வாக்கியங்களை மிக நுட்பமாகத் திருத்தி அமைத்தார். அவர் வழிவந்த பரமேசுவரர், பல்லாண்டு காலம் கிரகணங்களைக் கண்ணாற் கண்டு, 1431இல் ‘திருக்கணிதம்’ என்னும் நூலை இயற்றினார். 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், பஞ்சாங்கம் கண்ணுக்குப் புலனாவதோடு ஒத்திருத்தல் வேண்டுமென வாதாடினார். வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு இன்றும் நம் இல்லங்களில் ஓய்ந்தபாடில்லை.

அரைப்பேருக்கு வருவோம். மறுமுறை சென்றபோது, “கணனி என்ன சொன்னது?” என்று கேளாது, “கணனிக்கு நீங்கள் சொன்ன விதி என்ன?” என்று கேட்டோம். அப்போதுதான் செய்தி வெளிவந்தது. சாக்குக்கு ஒரு கழிவு. மழை நாளில் ஈரத்துக்கு மேலுமொரு கழிவு. எஞ்சிய நிறை முழுப்பேருக்குரிய அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர். கழித்தலிற் கணனி தவறவில்லை. ஈரத்துக்கு எத்தனை கிலோ என்று முடிவு செய்தவர் மனிதர். அந்த அரைப்பேர் திரும்பி வரவில்லை. ஆயினும் எம் தாயார் இப்போது தராசடியில் நின்று, “இன்னைக்கு எவ்வளவு கழிச்சீங்க?” என்று கேட்டறிந்த பின்னரே கூடையைத் தூக்குகிறார்.

இளைஞர்களே! நம் முன்னோரும் பெற்றோரும் பிறர் வகுத்த விதிப்படி நெடுங்காலம் உழைத்தனர். நாளை நாமும் கணனியின் முன் அமர்ந்து பிறர் விதியை ஓட்டுவோராக மாத்திரம் அமைவோமாயின், சோழி மாறியதேயன்றி நிலை மாறியதாகாது. கணனி இல்லாத பாடசாலையிலும் கணிதமுண்டு; ஒரு விதியைப் படிப்படியாகப் பிரித்து, இது ஏன் என்று கேட்கும் பயிற்சிக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். மாதவரும் பரமேசுவரரும் செய்தது போல் விதியை அறிவோம்; அறிந்து திருத்துவோம்.