சோறும் ரைஸும்: ஜப்பானிய உணவுச் சொற்களின் வரலாறும் அவற்றைக் கற்கும் வழியும்

வயலில் நிற்கும் நெற்பயிரை ஜப்பானியர் ‘இனே’ என்பர். உமியோடு கூடிய மணி ‘மொமி’. உமி நீங்கினால் ‘கொமே’. வெந்து கிண்ணத்துக்கு வந்தால் ‘கொஹன்’ (இதன் முதலெழுத்து ‘கங்கை’யின் முதலெழுத்தைப் போல ஒலிக்கும்). நெல், அரிசி, சோறு என்று பிரித்தே பேசிப் பழகிய தமிழருக்கு இதில் வியப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பவரைவிடத் தமிழ்வழி படிப்பவருக்கு இந்த இடம் எளிது. ஆனால் அதே சோற்றைத் தட்டையான தட்டில் பரப்பி மேலைநாட்டுப் பண்டத்தோடு வைத்தால், உணவகத்தில் அதன் பெயர் ‘ரைஸு’ ஆகிவிடுகிறது. பரிமாறும் பாத்திரம் மாறியதும் பெயரும் மாறுவது ஏன் என்ற கேள்வி, படிப்பவரை நேராக ஜப்பானிய வரலாற்றுக்குள் கொண்டு செல்கிறது.

ஜப்பானியச் சொற்களை அந்நாட்டு இலக்கணிகள் மூன்று பெரும் வகையாகப் பிரிக்கின்றனர். தொன்றுதொட்டு வழங்கும் நாட்டுச் சொற்கள் ‘வகொ’. சீன எழுத்தோடும் பௌத்தத்தோடும் வந்தவை ‘கன்கொ’. கடல் கடந்து பிற்காலத்தில் வந்தவை ‘கைரைகொ’. தொல்காப்பியம் சொல்லும் நால்வகைச் சொற்களுள் இயற்சொல், வடசொல், திசைச்சொல் ஆகியவற்றை அறிந்தவருக்கு இது உடனே பிடிபடும். கல்வியும் சமயமும் சார்ந்த சொற்களைத் தமிழுக்கு வடமொழி தந்தது போல ஜப்பானியத்துக்குச் சீனம் தந்தது. மூன்றாம் வகைச் சொற்கள் இன்று ‘கதகனா’ என்ற தனி எழுத்தில் எழுதப்படுகின்றன. எனவே உணவுப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்திலேயே ஒரு சொல் எந்தக் காலத்து விருந்தாளி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நாட்டுச் சொற்கள்

தண்ணீர் ‘மிஸு’. வெந்நீர் ‘யு’. தமிழிலும் இவை இரண்டு சொற்கள்தாம், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ‘தண்ணீர்’ என்ற சொல்லில் இருந்த குளிர்ச்சிப் பொருள் தமிழில் தேய்ந்துபோனதால் ‘சுடுதண்ணீர்’ என்று சொல்ல முடிகிறது. ‘மிஸு’ அப்படித் தேயவில்லை. ‘சூடான மிஸு’ என்று தமிழ் வழக்கை அப்படியே பெயர்த்துச் சொன்னால் ஜப்பானியர் காதுக்கு அது பொருந்தாது; சூடேறிய கணமே அது ‘யு’ ஆகிவிட வேண்டும். தமிழ் மாணவர் தொடக்கத்தில் இடறக்கூடிய இடம் இது.

உண்ணுதலைக் குறிக்கும் வினைகளில் மரியாதை தேய்ந்த வரலாறு தெரிகிறது. இன்று எல்லோரும் சொல்லும் ‘தபெரு’ முற்காலத்தில் பெரியவர் தந்ததைப் பெற்றுக்கொள்வதைக் குறித்த பணிவுச் சொல். அது பொதுச்சொல் ஆனதும், பழைய பொதுச்சொல்லாகிய ‘கூ’ முரட்டுச் சொல்லாகத் தாழ்ந்தது. சோற்றுக்குரிய ‘மெஷி’யும் ஒரு மரியாதை வினையிலிருந்து பிறந்ததே. இன்று அது ஆண்கள் நண்பர்களிடையே சொல்லும் கரடுமுரடான சொல்லாகிவிட, சீனவழி வந்த ‘ஹன்’ என்பதற்கு முன்னால் மரியாதை முன்னொட்டுச் சேர்ந்த ‘கொஹன்’ வீட்டிலும் வெளியிலும் நிலைபெற்றது. பந்தியில் ‘சோறு’ என்று சொல்லத் தயங்கிச் ‘சாதம்’ என்று கேட்கும் தமிழருக்கு இதன் நுட்பம் விளக்காமலே விளங்கும்.

சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய மொழியறிஞர், நெல் வேளாண்மைச் சொற்களையும் பொங்கல் வழக்கங்களையும் சான்றாகக் காட்டி ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக வேரும் ஒன்றே என்று கொண்டு சொற்களை மனத்தில் பதிப்பது கற்பவருக்கு நல்லதன்று.

சீனத்திலிருந்து வந்தவை

‘தோஃபு’, ‘ஷோயு’ என்ற சோயாச் சாறு, ‘சதோ’ என்ற சர்க்கரை, ‘ச்சா’ என்ற தேநீர் எல்லாம் சீனவழிச் சொற்களே. தேநீரை 9ஆம் நூற்றாண்டிலேயே அரண்மனை அறிந்திருந்தது. எனினும் 1191இல் சீனத்திலிருந்து திரும்பிய ஐசாய் என்ற ஜென் துறவிக்குப் பிறகே அது வேரூன்றியது. தேநீரின் நலன்களைப் பற்றி அவர் 1211இல் எழுதிய நூலை ஜப்பானின் முதல் தேநீர் நூலாகக் கொள்வர். அடைமொழி இல்லாமல் ‘ஒச்சா’ என்றால் பசுந்தேநீர் மட்டுமே. தமிழ்நாட்டுக் கடையில் கிடைக்கும் தேயிலைக்கு அங்கே ‘கோச்சா’, அதாவது செந்தேநீர் என்று பெயர். தென்கோடித் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வழங்கும் ‘சாயா’வும் இந்த ‘ச்சா’வும் ஒரே சீனச் சொல்லின் வழிவந்தவை.

சொற்களைத் துறைவாரியாகத் தொகுத்துக் கற்பிக்கும் வழக்கமும் சீனச் சொற்கள் வந்துசேர்ந்த காலத்தில் தோன்றியதே. மினமொதோ நொ ஷிதகோ என்ற அறிஞர் 930களில் ஓர் இளவரசிக்காகத் தொகுத்த ‘வம்யோ ருயிஜுஷோ’ என்ற நூல், சீனப் பெயர்களுக்கு நேரான ஜப்பானியப் பெயர்களைப் பொருள்வாரியாக அடுக்குகிறது. உணவுக்கும் பானத்துக்கும் அதில் தனிப்பகுதி உண்டு. அமைப்பில் அது தமிழ் நிகண்டுகளுக்கு நெருங்கிய உறவு.

இந்த இரண்டு அடுக்குகளும் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்களைத் தந்தன. காலை உணவை வீட்டில் ‘அசகொஹன்’ என்பார்கள். விடுதி அறிவிப்பில் அதுவே ‘ச்சோஷொகு’ என்ற சீனவழிச் சொல்லாக எழுதப்பட்டிருக்கும். காப்பிக்கடையில் ரொட்டியும் முட்டையும் சேர்த்துத் தரும் காலைத் தொகுப்புக்கு ஆங்கிலவழி வந்த ‘மோனிங்கு’ என்று பெயர். மூன்றையும் ஒன்றாகக் கற்று, எது பேச்சுக்கு, எது எழுத்துக்கு, எது கடைக்கு என்று பிரித்து வைத்துக்கொள்பவருக்குப் பிறகு குழப்பம் வருவதில்லை.

அரண்மனைப் பெண்களின் மொழி

ஜப்பானியம் கற்கத் தொடங்கியவர் முதல் வாரத்திலேயே ‘ஒய்ஷீ’ என்ற சொல்லைக் கற்றுவிடுகிறார். சுவையாக இருக்கிறது என்று பொருள். இந்தச் சொல் கியோதோ அரண்மனைப் பெண்கள் தமக்குள் பேசிய ‘ஞோபோ கொதொபா’ என்ற குழுஉக்குறியில் பிறந்தது. 14ஆம் நூற்றாண்டு முதல் வளர்ந்த அந்த மொழி, உணவையும் உடலையும் நேராகச் சொல்லாமல் நயமாகச் சொல்லும் வழிகளைத் தேடியது. ‘ஒ’ என்ற மரியாதை எழுத்தை முன்னால் சேர்ப்பது ஒரு வழி. சொல்லின் முதலசையை மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்து என்று பொருள்படும் ‘மொஜி’யைப் பின்னால் ஒட்டுவது மற்றொரு வழி. அகப்பையாகிய ‘ஷகுஷி’ இப்படித்தான் ‘ஷமொஜி’ ஆயிற்று. இன்று ஜப்பானியச் சமையலறைகளில் சோறு எடுக்கும் கரண்டிக்கு அதுவே பெயர்.

தோக்கியோவின் சிறு உணவகம் ஒன்றில் உட்கார்ந்ததும் பணியாளர் கொண்டுவந்து வைக்கும் குளிர்ந்த நீருக்கு ‘ஒஹியா’ என்று பெயர். குளிர்ச்சி என்பதிலிருந்து வந்தது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்கள் ‘ஒகஸு’. ‘கஸு’ என்றால் எண்ணிக்கை, பல இருப்பதால் அந்தப் பெயர். குளிர்காலத்தில் கடைகளில் கொதித்துக்கொண்டிருக்கும் ‘ஒதென்’, வயிற்றைக் குறிக்கும் ‘ஒனகா’ ஆகியவையும் அப்பெண்கள் தந்தவையே. போரும் ஆட்சியும் செய்த ஆண்களின் சொற்கள் எத்தனையோ வழக்கிழந்தன. இவை அறுநூறு ஆண்டுகளாக நாவில் இருக்கின்றன. ஜப்பானிய உணவுச் சொற்களில் ஆய்வாளர் மிகுந்த கவனம் தர வேண்டிய அடுக்கு இதுவே.

தொழிலாளர் குழுஉக்குறியும் உண்டு. சுஷி கடைக்காரர்கள் சோயாச் சாறுக்கு ‘முரசாகி’ (ஊதா) என்றும், உணவு முடிந்தபின் தரும் தேநீருக்கு ‘அகாரி’ என்றும், புளிக்காடி சேர்த்த சோற்றுக்கு ‘ஷரி’ என்றும் சொல்வார்கள். ‘ஷரி’ புத்தரின் எச்சங்களைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததாகக் கொள்வர். தமிழின் ‘சரீரம்’ அதே சொல்தான். இவற்றை அறிந்திருக்கலாம், ஆனால் வாடிக்கையாளர் தாம் சொல்லக் கூடாது. அவர் ‘ஒச்சா’, ‘ஷோயு’ என்று கேட்பதே முறை.

புலாலும் பூக்களும்

675இல் தென்மு மன்னர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களில் உண்ணத் தடை விதித்தார். பௌத்தத்தின் செல்வாக்கால் நாற்கால் விலங்குகளைத் தின்பதில் தயக்கம் நூற்றாண்டுகளாக நீடித்தது. தின்பவர்கள் பெயரை மறைத்தார்கள். காட்டுப்பன்றி ‘பொதன்’ என்ற பூவாயிற்று, குதிரை ‘சகுரா’ என்ற செர்ரிப் பூவாயிற்று, மான் ‘மொமிஜி’ என்ற மேப்பிள் இலையாயிற்று. பன்றிக்கு ‘மலைத் திமிங்கலம்’ என்றும் பெயர் வைத்தார்கள். திமிங்கலத்தை மீன் என்று எண்ணிய காலம் அது. 1872இல் மெய்ஜி மன்னர் மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதும் தயக்கம் உடைந்தது. ஆனாலும் பூப்பெயர்கள் உணவுப் பட்டியல்களில் இன்றும் உள்ளன.

கப்பலில் வந்த சொற்கள்

1543இல் தனெகஷிமா தீவில் போர்த்துகீசியர் கரையேறினர். அவர்கள் வழி வந்த ‘பான்’ ஜப்பானில் ரொட்டிக்குப் பெயராயிற்று. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்பதும் அதே போர்த்துகீசியச் சொல்லே. யாழ்ப்பாணத்து மாணவர் இச்சொல்லைக் கற்க வேண்டியதில்லை, அடையாளம் கண்டுகொண்டால் போதும். ‘கஸுதெரா’ என்ற கேக்கும் ‘கொம்பெய்தோ’ என்ற முள்முள்ளான சர்க்கரை மிட்டாயும் அக்காலத்தவை. 1569இல் லூயிஸ் ஃபுரோயிஸ் என்ற யேசு சபைத் துறவி, ஓதா நொபுநாகா என்ற போர்த்தலைவருக்குக் கண்ணாடிக் குடுவையில் கொம்பெய்தோவைப் பரிசளித்தார். ‘தெம்புரா’வும் போர்த்துகீசியத் தொடர்புடையதே; எந்தச் சொல்லிலிருந்து என்பதில்தான் கருத்து வேறுபாடு.

யேசு சபைத் துறவிகள் 1603இல் நாகசாகியில் அச்சிட்ட ஜப்பானிய–போர்த்துகீசிய அகராதியில் ஏறத்தாழ 32,000 சொற்கள் உள்ளன. உணவுச் சொற்களைக் குறிக்கும்போது ‘பெண்கள் சொல்’ என்று தனியே சுட்டிக்காட்டும் அளவுக்கு அதன் தொகுப்பாளர்கள் செவி கூர்மையாக இருந்தது. ஞோபோ கொதொபாவைப் பற்றி இன்று அறிந்திருப்பவற்றுக்கு அது முக்கியமான சான்று. அதே சபையைச் சேர்ந்த அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது.

போர்த்துகீசியர் வெளியேற்றப்பட்ட பின் 1641 முதல் தெஜிமா என்ற செயற்கைத் தீவில் டச்சுக்காரர் மட்டும் வணிகம் செய்தனர். ‘கோஹீ’ என்ற காப்பியும் ‘பீரு’ என்ற பீரும் அவர்கள் தந்த சொற்கள். காப்பிக்கு இன்றும் கடைப்பலகைகளில் காணும் சீன எழுத்துகளைத் தேர்ந்தவர் உதகவா யோஅன் (1798–1846) என்ற டச்சு நூல் வல்லுநர். பின்னர் ஆங்கிலம் வந்தபோது இரட்டைச் சொற்கள் உருவாயின. டச்சுவழி வந்த ‘கரஸு’ கண்ணாடி என்ற பொருள், ஆங்கிலவழி வந்த ‘குரஸு’ கண்ணாடிக் கோப்பை. பழைய ‘கொப்பு’ சாதாரண டம்ளர், புதிய ‘கப்பு’ தேநீர்க் கோப்பை.

மெய்ஜி காலம் கலப்புச் சொற்களின் காலம். 1874இல் கிமுரா யசுபெ என்பவர் பயறு விழுதைப் பொதிந்து ரொட்டி செய்தார். ‘அன்’ சீனவழி, ‘பான்’ போர்த்துகீசியவழி, பண்டம் ‘அன்பான்’. பன்றிக்குரிய சீன ஒலிப்பாகிய ‘தொன்’னோடு ஆங்கிலக் கட்லெட்டின் சுருக்கம் சேர்ந்து ‘தொன்கத்ஸு’ வந்தது. 1908இல் கிகுனே இகேதா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றில் கண்ட சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டு, ஜப்பானியத்திலிருந்து உலக மொழிகளுக்கே ஒரு சொல் தந்தார்.

கற்பவர் கவனத்துக்கு

ஜப்பானியத்தில் குறில் நெடில் பொருளை மாற்றும். ‘பீரு’ குடிப்பது, ‘பிரு’ மாடிக்கட்டடம். உரோமன் எழுத்தில் அடிக்கடி மறைந்துபோகும் இந்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்து தெளிவாகக் காட்டும். ஆனால் வல்லெழுத்தின் ஒலிப்பு வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது. சிப்பியும் சாவியும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ககி’தான், ஜப்பானியத்தில் வேறு வேறு. அதனால் முதல் மாதத்திலேயே ஹிரகனா, கதகனா எழுத்துகளுக்கு மாறிவிடுவது நல்லது. வினைகளும் கவனத்துக்குரியவை: ஜப்பானியர் மாத்திரையைச் ‘சாப்பிடுவதில்லை’, ‘நொமு’ என்று குடிக்கிறார்கள். நூறு சொற்களை அகரவரிசையில் உருப்போடுவதைவிட, இருபது சொற்களை அவை வந்த வழியோடு கற்பது நெடுநாள் நிற்கும்.

அந்த வழிகளில் மிக நீண்ட ஒன்று தமிழில் தொடங்குகிறது. ஆங்கில அகராதிகள் ‘கறி’ என்ற தமிழ்ச்சொல்லை மூலமாகக் காட்டும் சொல், ஆங்கிலத்தின் வழியே ஜப்பானை அடைந்தது. 1860இல் புகுஸவா யுகிச்சி வெளியிட்ட சொற்றொகுதியில் அதன் முதல் ஒலிபெயர்ப்பு உள்ளது. 1872இல் மேலைச் சமையல் நூல்கள் இரண்டு அதன் செய்முறையைத் தந்தன. 1908இல் கடற்படையின் சமையல் நூலிலும் இடம்பெற்று, ‘கரே’ என்ற பெயரில் நாடெங்கும் வீட்டு உணவாயிற்று. ஜப்பானில் அடைக்கலம் புகுந்த விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ், இந்தியச் சுவையில் செய்த பண்டத்தை 1927இல் தோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியிலுள்ள நகமுராயா கடையில் அறிமுகப்படுத்தினார். ஆங்கிலவழிப் பண்டத்திலிருந்து அதைப் பிரித்துக்காட்ட அங்கே வைத்த பெயர் ‘கரீ’. அந்தக் கடையின் உணவுப் பட்டியலில் இன்றும் அது ‘கரீ’ என்றே இருக்கிறது.