ஒரு கட்டளையும் இரு தளபதிகளும்

நெல்சனின் தோழராய்ப் போரிட்ட தளபதியொருவரின் வழித்தோன்றலாக 1862 இல் பிறந்தவர் ஏர்னெஸ்ட் ட்றூபிறிட்ஜ். கடலில் வீழ்ந்த மாலுமியொருவரைக் காப்பாற்றி 1888 இற் பதக்கம் பெற்றவர். 1904 இல் ருஷ்ய - யப்பானியப் போரை நேரிற் கண்டவர். 1912 இற் பிரித்தானியக் கடற்படையின் போர்த்திட்டக் குழுவுக்குத் தலைவரானவர். இத்தகைய ஒருவர் 1914 இற்குப் பின் கோழையெனப் பேசப்பட்டமை ஆராயத்தக்கது.

முதலாம் உலகப்போர் தொடங்கியபோது அவர் மத்தியதரைக்கடலில் நான்கு கவசக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கினார். தம்மிலும் வலிய படையுடன் பொருதலாகாது என்பது தலைமையகத்தின் கட்டளை. வலிய படை எதுவென அக்கட்டளை கூறவில்லை. ஒஸ்திரியக் கடற்படையையே கருதியதாகச் சேர்ச்சில் பின்னர் விளக்கினார். விளக்கம் பின்னர் வந்தது என்பதே இங்கு கவனிக்கவேண்டியது.

ஜேர்மனியப் போர்க்கப்பலான கோபென் கிழக்கு நோக்கி விரைந்தது. பதினொரு அங்குலப் பீரங்கிகள் பத்தினைக் கொண்ட அக்கப்பலை இருளில் நெருங்கித் தாக்குவதே ட்றூபிறிட்ஜின் எண்ணம். ஆனால் விடியுமுன் அதனை எட்டமுடியாதெனத் தெரிந்தது. பகலொளியிலோ, அது தன் வேகத்தால் எட்ட நின்றே நான்கையும் சுட்டு வீழ்த்தக்கூடும். கொடிக்கப்பலின் கப்டன் றே இதனை வற்புறுத்தினார். ஓகஸ்ட் 7 அதிகாலை ட்றூபிறிட்ஜ் துரத்தலைக் கைவிட்டார். மூன்று நாளில் கோபென் தார்தனெல்சுள் நுழைந்தது. துருக்கி ஜேர்மனியின் பக்கம் சேர அவ்வருகை பெருந்துணையாயிற்று.

செப்டெம்பரில் விசாரணை தொடங்கிற்று. அச்செய்தி தென்னமெரிக்கக் கடலிலிருந்த அட்மிரல் கிறடொக்கையும் எட்டியது. ட்றூபிறிட்ஜின் கதி தமக்கு நேராதவாறு பார்த்துக்கொள்வதாக அவர் நண்பரொருவருக்கு எழுதினார். நவம்பர் 1 ஆம் நாள் சிலிக் கரையோரம் கொரொனெலில், தம்மிலும் வலிய ஜேர்மனியக் கப்பல்களை அவர் எதிர்த்தார். குட் ஹோப், மொன்மத் ஆகிய இரு கப்பல்களும் ஏறத்தாழ 1,600 பேருடன் மூழ்கின. அவற்றிலிருந்து ஒருவரும் மீளவில்லை, கிறடொக் உட்பட. தலைமையகம் அவருக்கு அனுப்பிய செய்திகளும் தெளிவற்றனவே. எனினும் அவரது முடிவில் ட்றூபிறிட்ஜின் நிழல் படிந்திருந்தமையை மறுத்தல் அரிது.

அதன்பின் நான்கு நாள் கழித்தே, போட்லண்டில் புல்வார்க் என்னும் கப்பலில் ட்றூபிறிட்ஜ்மீதான இராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. தரப்பட்ட கட்டளையின்படி கோபெனை வலிய படையாகக் கொள்ள அவருக்கு நியாயமுண்டெனக் கண்ட நீதிமன்றம், நவம்பர் 9 இல் அவரை விடுவித்தது. கிறடொக் அத்தீர்ப்பை அறியவில்லை.

நீதிமன்றம் விடுவித்தவரைக் கடற்படை விடுவிக்கவில்லை. 1915 இல் டனியூப் ஆற்றைக் காக்கும் பணிக்காக அவர் சேர்பியாவுக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் சேர்பியப் படையின் துயர்மிகு பின்வாங்கலிலும் பங்குகொண்டார். 1919 இல் அட்மிரலாகப் பதவி உயர்ந்தார். 1926 இல் இறக்கும்வரை, கடலில் மீண்டுமொரு கப்பலணி அவரிடம் ஒப்படைக்கப்படவேயில்லை.