கண்ணீர் வழியும் கண்ணும் வரண்ட கண்ணாக இருக்கலாம்

எமது கரையோர ஊர்களில் கண் நோய் என்றதும் நினைவுக்கு வருவது வெள்ளை படர்தலும் நீரிழிவால் வரும் பார்வை இழப்பும்தான். கண் வரட்சியை யாரும் ஒரு நோயாகக் கணக்கெடுப்பதில்லை. "தூசு பட்டிருக்கும், முகத்தைக் கழுவு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சில வருடங்களாக இந்நோயோடு வாழ்பவன் என்ற வகையில் சொல்கிறேன்: இது வெறும் உறுத்தல் அல்ல, பார்வையையே குழப்பும் நோய்.

கருவிழியின் மேல் கண்ணீர் மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. கண்ணோடு ஒட்டவைக்கும் சளிப்பொருள், நீர், அந்நீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய் ஆகியவை அதில் உண்டு. எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பிலுள்ள மைபோமியன் சுரப்பிகள். கண்ணுக்குள் செல்லும் ஒளி முதலில் கடப்பது இப்படலத்தைத்தான். அது உடைந்தால் எழுத்து மங்கும், சிமிட்டினால் தெளியும், சற்று நேரத்தில் மீண்டும் மங்கும். எழுத்துப் பலகையைச் சரியாக வாசிப்பவர்கூட வீட்டில் பத்திரிகையின் ஒரு பக்கத்தை முடிக்கத் திணறுவது இதனால்தான். கண்ணாடியை மாற்றினாலும் இது தீராது. எனக்கு இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதே பெரும் சிரமம். எதிர்வரும் வாகன வெளிச்சம் சிதறிப் பாதையை மறைத்துவிடும்.

கண்ணீர் வழிகிறதே, இது எப்படி வரட்சியாகும் என்று பலர் கேட்பர். வரண்ட கண் உறுத்தும்போது கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டுகிறது. ஆனால் அந்நீர் கண்ணில் நிலைத்து நிற்பதில்லை.

எமது பிரதேசத்தின் காலநிலையும் தொழில்களும் இதனைக் கூட்டுகின்றன. மேற்கு மலைகளில் மழையைப் பொழிந்துவிட்டு, கச்சான் காற்று எம்மிடம் உலர்ந்தே வருகிறது. சிறுபோக அறுவடைத் தூசும் அக்காலத்தில் சேர்கிறது. மருதமுனையில் நூலையே உற்றுநோக்கும் நெசவாளிக்கும், தொலைபேசித் திரையை விட்டு அகலாத மாணவனுக்கும் சிமிட்டுவது குறைகிறது. சாதாரணமாக நிமிடத்திற்கு சுமார் 15 தடவை சிமிட்டும் நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூடச் சிமிட்டுவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்கள், நீரிழிவு, மூட்டுவாதம் உள்ளோர், ஒவ்வாமை மாத்திரை பாவிப்போர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

செய்யக்கூடியவை எளிமையானவை. மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாமல் படுங்கள். பயணத்தில் கண்ணை மறைக்கும் கண்ணாடி அணியுங்கள். 20 நிமிடத்திற்கு ஒருமுறை திரையை விட்டுத் தூரப் பார்த்து, இமைகளை முழுமையாக மூடித் திறவுங்கள். இளஞ்சூடான துணியை மூடிய இமைகளின் மேல் 5 முதல் 10 நிமிடம் வைத்தால் உறைந்த எண்ணெய் இளகும். செயற்கைக் கண்ணீரை நாளில் பல தடவை விட வேண்டியிருந்தால், பாதுகாப்பு இரசாயனம் கலவாததைக் கேட்டு வாங்குங்கள்.

பாமசியில் "சிவந்த கண்ணுக்கு ஒரு மருந்து" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் இரண்டு நாளில் சுகம் தெரியும். மேற்பார்வையின்றித் தொடர்ந்தால் கண் அழுத்தம் உயர்ந்து, மீளாத பார்வை இழப்பில் முடியலாம்.

வெள்ளை படர்ந்ததற்குச் சத்திரசிகிச்சை செய்யவுள்ள பெற்றோர் உங்கள் வீட்டில் இருந்தால், கண் வரட்சியையும் முன்கூட்டியே பரிசோதிக்கச் சொல்லுங்கள். கண்ணீர்ப் படலம் சீராக இல்லாவிட்டால், பொருத்தப்படும் வில்லையின் அளவு பிழைக்கக்கூடும். வலி, திடீர் மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை ஆகியவை இருந்தால் அன்றே கண் வைத்தியரிடம் செல்லுங்கள்.