பாடாங்கிலிருந்து பாலஸ்டியர் வரை: சிங்கப்பூர் பார்த்த கிரிக்கெட் நாள்கள்

கிரிக்கெட் வரலாறு என்று கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் லார்ட்ஸ், மெல்பர்ன், சேப்பாக்கம் என்று எங்கெங்கோ போய்வருவார்கள். "சிங்கப்பூருக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்பவர்களும் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. அதுவும் சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் போதும், அந்த இடத்துக்கே போய் நின்றுவிடலாம்.

பாடாங் என்றால் மலாயில் திடல். 1943 ஜூலையில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டது இங்கேதான்; 1966இல் நம் முதல் தேசிய தின அணிவகுப்பு நடந்ததும் இங்கேதான். இதெல்லாம் பாடநூலில் வந்துவிடும். வராத ஒன்று, 1996 ஏப்ரல் மாதத்தின் முதல் வாரம்.

அந்த வாரம் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்று அணிகளும் சிங்கர் கோப்பைக்காக இங்கே வந்திருந்தன. இரண்டு வாரம் முன்புதான், மார்ச் 17ஆம் தேதி, லாகூரில் ஆஸ்திரேலியாவை வென்று இலங்கை உலகக் கோப்பையைத் தூக்கியிருந்தது. உலக வெற்றியாளர்களாக அவர்கள் ஆடவந்த முதல் தொடர் பாடாங்கில்.

ஏப்ரல் 2. எதிரணி பாகிஸ்தான். சனத் ஜயசூரிய 48 பந்தில் சதம் அடித்தார். அதுவரை ஒருநாள் போட்டியின் அதிவேக சதம் 62 பந்தில். 1988இல் வடோதராவில் நியூசிலாந்துக்கு எதிராக அசாருதீன் அடித்தது. (அந்த அசாருதீனே இந்திய அணித் தலைவராக அப்போது சிங்கப்பூரில்தான் இருந்தார்!) ஜயசூரிய 65 பந்தில் 134 ரன் எடுத்துவிட்டுத்தான் நின்றார். 11 சிக்ஸர். ஆமிர் சோஹைல் வீசிய ஒரே ஓவரில் 30 ரன் போனது. இலங்கை 349, பாகிஸ்தானும் சும்மா விடவில்லை, 315 வரை வந்துவிட்டுத்தான் தோற்றது. அந்தக் காலத்தில் 250 எடுத்தாலே வெற்றி உறுதி என்று நினைப்பார்கள் என்பதை மாணவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். இல்லாவிட்டால் இன்றைய டி20 கண்ணுக்கு இந்த எண்கள் சாதாரணமாகத் தெரியும்.

"பாடாங் சின்னத் திடல், எல்லைக்கோடு பக்கத்திலேயே இருக்கு, அதனால்தான் அடிச்சார்" என்று அப்போதே சொன்னார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் திடல் இரண்டு அணிக்கும் ஒரே அளவுதானே? காரணத்தை வேறு இடத்திலும் தேட வேண்டும்.

முதல் 15 ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு தடுப்பாளர்கள் மட்டுமே நிற்கலாம் என்ற விதி 1992 உலகக் கோப்பையிலேயே இருந்தது. நியூசிலாந்தின் மார்க் கிரேட்பாட்ச் அப்போதே அதைப் பயன்படுத்திப் பார்த்தார். ஆனாலும் பெரும்பாலான அணிகள், புதுப்பந்து பழசாகட்டும், விக்கெட்டைக் காப்பாற்றுவோம், கடைசி 10 ஓவரில் அடிக்கலாம் என்றுதான் ஆடின. இலங்கை இதைத் தலைகீழாக்கியது. ஜயசூரியவும் களுவிதாரணவும் முதல் பந்திலிருந்தே தடுப்பாளர்களின் தலைக்கு மேல் தூக்கி அடிக்க வேண்டும்; ஆட்டமிழந்தால் பரவாயில்லை, பின்னால் அரவிந்த டி சில்வா இருக்கிறார், ரணதுங்க இருக்கிறார். மார்ச் 2ஆம் தேதி டெல்லியில் இந்தியாவுக்கு எதிராக முதல் 3 ஓவரிலேயே 42 ரன். அன்று அடிவாங்கிய மனோஜ் பிரபாகர் கடைசியில் சுழற்பந்து வீசிப் பார்த்தார். அதற்குப் பிறகு இந்தியாவுக்காக அவர் ஆடவே இல்லை. ஆகவே புரட்சி பாடாங்கில் பிறந்தது என்று எழுதினால் அது மிகை. உலகக் கோப்பையில் ஏதோ அதிர்ஷ்டத்தில் அடித்தார்கள் என்று நினைத்தவர்களின் சந்தேகம் பாடாங்கில் தீர்ந்தது. அப்படி எழுதுவதே சரி.

ஏப்ரல் 7, இறுதிப் போட்டி. பாகிஸ்தான் 215. ஜயசூரிய 17 பந்தில் அரைசதம், இன்னொரு உலக சாதனை. இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. முதல் விக்கெட் விழுந்தபோது இலங்கையின் ஸ்கோர் 70. ஆட்டமிழந்த களுவிதாரண எடுத்தது பூஜ்யம்! ஜயசூரிய 66, உதிரி 4. பிறகு ஜயசூரியவும் 28 பந்தில் 76 எடுத்து வெளியேற, அணி 172க்குச் சுருண்டது. 43 ரன்னில் பாகிஸ்தானுக்குக் கோப்பை.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்கணும். 48 பந்து சதமும் 17 பந்து அரைசதமும் ஒரே ஆட்டத்தில் வந்தவை அல்ல. முதலாவதில் இலங்கை வென்றது, இரண்டாவதில் தோற்றது. சாதனையும் வெற்றியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. அந்தச் சத சாதனை ஆறு மாதம்தான் நின்றது. அக்டோபர் 4ஆம் தேதி நைரோபியில் ஷாஹித் அஃப்ரிடி 37 பந்தில் சதம் அடித்தார். எதிரணி அதே இலங்கை. அன்று 10 ஓவரில் 94 ரன் கொடுத்த பந்து வீச்சாளர் யார் தெரியுமா? ஜயசூரியவேதான். ஆனால் 17 பந்து அரைசதத்தை முந்த 2015 ஜனவரி வரை, ஏபி டி வில்லியர்ஸ் 16 பந்தில் அடிக்கும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த ஆரவாரத்தில் ஏப்ரல் 3ஆம் தேதியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அன்று இந்தியா–இலங்கை ஆட்டம். இந்திய அணியில் ஒரு புதுப் பையன்: ராகுல் டிராவிட். முதல் ஒருநாள் போட்டி. எடுத்தது 3 ரன். பந்து வீசியவர் முரளிதரன், பிடித்தவர் களுவிதாரண.

கண்டியில் பிறந்த தமிழரான முரளிக்கு அது லேசான காலம் அல்ல. மூன்று மாதம் முன்பு மெல்பர்னில் நடுவர் டாரல் ஹேர் அவர் பந்தை எறிகிறார் என்று திரும்பத் திரும்ப 'நோ பால்' கொடுத்திருந்தார். இந்தப் பையனின் ஆட்டம் முடிந்தது என்று பலர் எழுதியும்விட்டார்கள். பாடாங்கில் அன்று எதிரெதிரே நின்ற இருவரில் ஒருவர் 800 டெஸ்ட் விக்கெட் எடுக்கப் போகிறார், மற்றவர் டெஸ்டிலும் ஒருநாள் போட்டியிலும் தலா 10,000 ரன்னைத் தாண்டப் போகிறார் என்று அன்று யார் சொல்லியிருக்க முடியும்? அந்த 3 ரன்னை மட்டும் பார்த்திருந்தால் டிராவிட்டை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 1999 செப்டம்பரில் அவர் மறுபடி சிங்கப்பூர் வந்தார். வெஸ்ட் இண்டீசுக்கு எதிரான இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 103. அதுவும் வெற்றியில் முடியவில்லை. ரிக்கார்டோ பவல் 93 பந்தில் 124 அடித்துக் கோப்பையைக் கொண்டுபோய்விட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியூர்க்காரர்கள் வந்து ஆடிப்போன கதை. நம் ஊர் ஆட்டக்காரர்களின் கதைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பாடாங்கின் ஒரு முனையில் நிற்கும் சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப் 1852இல் தொடங்கியது. காலனி ஆட்சிக் காலத்தில் அது ஐரோப்பியர்களின் மன்றம். மறுமுனையில் 1883இல் யூரேசியர்கள் தங்களுக்கென்று ரிக்ரியேஷன் கிளப்பை அமைத்தார்கள். நம்மவர்கள்? இந்தியச் சங்கம் 1923இல், சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப் 1928இல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் எழுத்தர்களாக வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களை இந்த வரலாற்றிலிருந்து பிரிக்கவே முடியாது. இன்று இந்த இரண்டு மன்றங்களும் பாலஸ்டியர் சாலையில் இருக்கின்றன. தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் நேராக நடங்கள். வீரமாகாளியம்மன் கோவில், பெருமாள் கோவில் எல்லாம் தாண்டினால் லாவண்டர் ஸ்திரீட் சந்திப்பு வரும். அங்கே இடப்பக்கம் பிரிவதுதான் பாலஸ்டியர் சாலை.

2019 செப்டம்பர் 29ஆம் தேதி அந்த இந்தியச் சங்கத் திடலில் சிங்கப்பூர், ஜிம்பாப்வேயை எதிர்கொண்டது. ஜிம்பாப்வே 1992 முதல் டெஸ்ட் ஆடும் நாடு. ஆட்டம் 18 ஓவராகக் குறைக்கப்பட்டது. சிங்கப்பூர் 181, ஜிம்பாப்வே 177. நான்கே ரன் வித்தியாசம்! டெஸ்ட் ஆடும் நாடு ஒன்றை சிங்கப்பூர் வென்றது அதுவே முதல்முறை. பாடாங்கிலோ காலாங்கிலோ இல்லை. குடியேறிவந்தவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஒரு திடலில். 1996ஐப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதை நாம் பேசுவதே இல்லை. என்னைக் கேட்டால், சிங்கப்பூரின் கிரிக்கெட் வரலாற்றில் ஜயசூரியவின் 134ஐவிடப் பெரிய எண் அந்த 4தான்.

அன்று சிங்கப்பூருக்காக 41 ரன் எடுத்தவர்களில் ஒருவர் டிம் டேவிட். அவர் சிங்கப்பூரில் பிறந்தது 1996 மார்ச் 16, லாகூர் இறுதிப் போட்டிக்கு முந்தின நாள். பாடாங்கில் ஜயசூரிய அடித்து நொறுக்கியபோது அவர் இரண்டு வாரக் கைக்குழந்தை. அவருடைய தந்தையும் சிங்கப்பூர் அணிக்காக ஆடியவர். குழந்தைக்கு இரண்டு வயதானபோது குடும்பம் பெர்த்துக்குப் போனது. 2022இல் டிம் ஆஸ்திரேலிய அணியில் சேர்ந்தார். 2025 ஜூலையில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 37 பந்தில் சதம் அடித்தார். டி20இல் ஆஸ்திரேலியாவின் அதிவேக சதம் அது. அதில் எத்தனை சிக்ஸர் என்று எண்ணிப் பார்த்தால், பாடாங்கில் ஜயசூரிய அடித்த அதே 11.